சின்னக் கணினிக்குப் பெட்டி: மரமா, அக்ரிலிக்கா, பிரிண்டா, தகடா?

மன்னார்குடியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர் ஒருவர். வல்லம் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர். நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். மூன்று பேரும் ஒரே மாதத்தில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மினி ஐடிஎக்ஸ் போர்டு வாங்கிவிட்டேன். அதற்குச் சின்னதாக ஒரு பெட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். எதில் செய்வது?"

மினி ஐடிஎக்ஸ் என்பது சின்ன அளவு மதர்போர்டு. மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஏன் அப்படி என்பதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதுவரை நான் நான்கு பெட்டி செய்திருக்கிறேன். அதில் இரண்டு உருப்படியாக வந்தன, ஒன்று இப்போது ஸ்க்ரூ போட்டுவைக்கும் டப்பா, இன்னொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

## முதலில், செய்யத்தான் வேண்டுமா?

கடையில் கிடைப்பதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெட்டி அடைக்கும் இடத்தை லிட்டரில்தான் சொல்வார்கள். கூலர் மாஸ்டர் என்ஆர்200 பெட்டி சுமார் 18 லிட்டர். அது போதும் என்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்தக் காசுக்குள் அதே துல்லியத்தில் ஒரே ஒரு பெட்டியை நம் ஊர்ப் பட்டறையில் செய்ய முடியாது. 10 லிட்டர் வட்டத்துக்கு இறங்கினால் ஃப்ராக்டல் டெர்ரா மாதிரி நல்ல பெட்டிகள் உண்டு, ஆனால் விலை ஏறிவிடும். கிராபிக்ஸ் கார்டே இல்லாத 4 அல்லது 5 லிட்டர் பெட்டி வேண்டும், அலமாரியின் ஒரு குறிப்பிட்ட சந்தில் உட்கார வேண்டும், அல்லது பெட்டி உங்கள் கைப்பட இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று உண்மையானால் மேலே படியுங்கள். மூன்றாவது காரணத்துக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

சுவரின் தடிமன். பெரிய கேபினெட்டில் இதை யாரும் யோசிப்பதில்லை. சின்னப் பெட்டியில் பாதி விஷயம் இதுதான். உள்ளளவு 300 × 200 × 150 மிமீ என்று வையுங்கள். சரியாக 9 லிட்டர். 1 மிமீ தகட்டில் செய்தால் வெளியளவு 9.3 லிட்டர். 3 மிமீ அக்ரிலிக் அல்லது பிரிண்டில் 9.8. 9 மிமீ பிளைவுட்டில் 11.6. 12 மிமீ பிளைவுட்டில் 12.6. உள்ளே இருக்கும் சாமான் அதேதான், வெளியே மூன்றரை லிட்டர் வீக்கம். சின்னதாக வேண்டும் என்று கிளம்பியவர் சுவருக்கே இடத்தைக் கொடுத்துவிட்டு நிற்பார்.

துல்லியம். மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 × 170 மிமீ. நான்கு மூலையில் நான்கு ஓட்டை இருப்பதைப் பார்த்து அவை சதுரமாக நிற்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்து ஜோடிக்கு நடுவே 154.94 மிமீ, மறுபக்கத்து ஜோடிக்கு 132.08 மிமீ. பின்பக்கம் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ இருக்கும் பகுதிக்கு வழிவிட ஒரு ஓட்டை 22.86 மிமீ உள்ளே தள்ளியிருக்கிறது. என் முதல் பெட்டி அந்த ஓட்டையில்தான் கவிழ்ந்தது. அந்தப் பகுதியைச் சுற்றி மாட்டும் மெல்லிய தகடுதான் ஐஓ ஷீல்டு. பின்புறம் அதற்கான திறப்பு 158.75 × 44.45 மிமீ, அதில் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் ஒன்று ஆடும், இல்லையென்றால் ஏறாது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் அதன் பிராக்கெட் உட்காரும் பள்ளமும் சேர்ந்துகொள்ளும். மொத்தப் பெட்டியிலும் கஷ்டமான இடம் அதுதான்.

காற்று. சித்திரை வைகாசியில் தஞ்சாவூரில் அறைக்குள்ளேயே 38 டிகிரி இருக்கும். அதற்கு மேல்தான் பெட்டிக்குள் சூடு ஏறும். "தகடு என்றால் சூட்டை இழுத்து வெளியே விடும்" என்று பலர் சொல்வார்கள். ப்ராசசரின் சூடு தகட்டை நேராகத் தொடும்படி செய்தால் அது உண்மை. மற்றபடி காற்றுதான் வேலை செய்கிறது, சுவரின் பங்கு கொஞ்சம். 3 மிமீ ஓட்டைகளை மையத்துக்கு மையம் 5 மிமீ இடைவெளியில் தேன்கூடு மாதிரி அடுக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் திறப்பு. அதே இடைவெளியில் 4 மிமீ ஓட்டை என்றால் பாதிக்கு மேல். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு அவ்வளவு வித்தியாசம்.

ஊர். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் ஈரம். தை மாசியில் சம்பா அறுவடை, களத்திலிருந்து பறந்து வரும் வைக்கோல் தூசியும் பதரும். இதற்கெல்லாம் நடுவே பல்லி, எறும்பு. அகலமான பிளவு விட்டால் பல்லி உள்ளே போய்ப் பவர் சப்ளையில் கருகிக் கிடக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நைலான் வலையின் அருமை தெரியும்.

தப்பின் விலை. நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதைத்தான். முதல் பெட்டி தப்பாகத்தான் வரும். கேபிளின் தலை வளையும் இடத்தை அளக்க மறப்பீர்கள், பட்டனை ஃபேன் மேலே வைத்துவிடுவீர்கள், பவர் சப்ளையின் ஒயர் வரும் திசையை மாற்றி நினைத்திருப்பீர்கள். தப்பு தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய எத்தனை நாள், எத்தனை ரூபாய், எவ்வளவு தூரப் பயணம்? பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பெட்டியின் செலவைக் கேட்காதீர்கள். இரண்டாவது பெட்டியின் செலவைக் கேளுங்கள்.

எந்தப் பொருளானாலும் ஒட்டிக்கொண்டு வரும் செலவுகளும் உண்டு. 125 × 63.5 × 100 மிமீ அளவுள்ள, எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகைப் பவர் சப்ளை, அதே வாட் சாதாரண சப்ளையைவிட விலை கூடுதல். உயரம் குறைந்த கூலர் வேண்டும். நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ, என்எச்-எல்9ஏ இரண்டும் ஃபேனோடு சேர்த்து 37 மிமீதான். போர்டின் முதுகுப்பக்கம் கார்டை வைக்கும் அமைப்பு என்றால் இரண்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்று. இவற்றைக் கூட்டிவிட்டுப் பெட்டிக்கு வாருங்கள்.

## மரம்

நம் பக்கத்தில் மரவேலைக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர் வீணையைப் பலாமரத்தில் குடையும் கைகள் இருக்கும் ஊர் இது. தெருவுக்கொரு தச்சர், ஊருக்கு இரண்டு மூன்று சிஎன்சி கதவுக் கடைகள். அந்தக் கடைகளில் வாசக்கதவுக்கு லட்சுமியும் மயிலும் செதுக்கும் மெஷினே உங்கள் பெட்டியின் பக்கங்களையும் வெட்டும். வரைபடம் கொடுத்தால் போதும்.

கையால் செய்யும் தச்சரிடம் போனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய அளவு நூல். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் 3 மிமீக்குக் கொஞ்சம் மேல். "அரை நூல் முன்னே பின்னே இருக்கும் தம்பி, பரவாயில்லையா?" என்று என்னிடம் கேட்டார். கட்டிலுக்குப் பரவாயில்லை. ஐஓ ஷீல்டுக்கு அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர்! அவர் மேல் குற்றமில்லை, அவர் கையில் இருக்கும் வேலையின் துல்லியம் அது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். ஐஓ ஷீல்டின் கொக்கிகள் ஏறக்குறைய 1 மிமீ தகட்டைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டவை, 9 மிமீ பலகையை அவை பிடிக்காது. போர்டின் போர்ட்டுகள் பலகைக்குள் அமிழ்ந்துவிட்டால் தடித்த எச்டிஎம்ஐ கேபிளின் தலை முழுதாக உள்ளே போகாது. அதனால் பின்பக்கத்தை மட்டுமாவது தகட்டில் செய்ய வேண்டும். ஸ்க்ரூவைப் பலகையில் நேராக முடுக்கினால் மூன்றாவது தடவை கழற்றும்போது மரத்தூள் வரும், பித்தளை இன்சர்ட் (உள்ளே மரை உள்ள சின்னக் குழல்) இறக்க வேண்டும். பிளைவுட் விளிம்புக்கு மைக்காவோ வார்னிஷோ கட்டாயம். சறுக்கி மூடும் மூடி வைத்திருந்தால் ஐப்பசியில் வாசக்கதவு இறுகுவதுபோல் அதுவும் இறுகும். ஒரு மிமீ இடைவெளி விட்டுச் செய்யுங்கள். சாதாரண பிளைவுட்டுக்குப் பதில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கினால் ஈரத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும், மெலிந்த கனத்தில் அது கிடைப்பது கடையைப் பொறுத்தது.

ஃபேனைப் பலகையில் நேராகப் பொருத்தினால் பெட்டியே முனகும். வீணையின் குடம் செய்யும் வேலையை நம் பெட்டியும் செய்யத் தொடங்கிவிடும். நடுவே ரப்பர் வளையம் போட்டால் சரியாகிவிடும், அதன்பின் மரப்பெட்டியின் அமைதி தகட்டில் வராது. மரத்துக்கு மின்காந்த அலையைத் தடுக்கும் குணம் இல்லை, பக்கத்தில் ரேடியோ வைத்தால் இரையலாம். அதே காரணத்தால் வைஃபை ஆன்டெனாவை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பது லாபம்.

வரவேற்பறையில் டிவிக்கு அடியில் உட்காரப்போகும், கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு மரத்தை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஊர் ஊராகத் தூக்கிப்போகும் கணினிக்கு வேண்டாம்.

## அக்ரிலிக்

பெயர்ப்பலகைக் கடைக்காரர்களிடம் லேசர் மெஷின் இருக்கிறது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கடை போர்டு எழுத்துக்களை வெட்டுவது அதில்தான். கோப்பைக் கொடுத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால் ஆறு பக்கமும் தயார். துல்லியம் அருமை. கட்டணம் சதுர அடிக்கும் வெட்டும் நேரத்துக்கும். காற்றோட்டத்துக்காக 600 ஓட்டை போட்டால் லேசர் 600 தடவை நின்று கிளம்பும், பில் அதற்கேற்ப ஏறும். ஓட்டைக்குப் பதில் நீண்ட கோடுகளாகப் போட்டால் மலிவு. உள்ளே நைலான் வலை ஒட்டிவிடுங்கள்.

தப்பின் விலை இதில் மிகக் குறைவு. ஒரு பக்கம் பிசகினால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம், மாலைக்குள் கையில் இருக்கும். என் இரண்டாவது பெட்டியில் மூன்று தடவை பின்பக்கத்தை மாற்றினேன். மூன்றாம் தடவை கடைக்காரர் காசு வாங்கவில்லை, சிரித்தார்.

இனி கசப்பு. விளிம்புக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு ஸ்க்ரூவை ஒரு சுற்று அதிகம் முடுக்கினால் விரிசல். லேசர் பட்ட விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தால் சில நிமிடத்தில் உள்ளுக்குள் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடும். வெட்டிய சூட்டில் விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கிறது, ஸ்பிரிட் அதைத் தூண்டிவிடுகிறது. சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். அறுவடைக்கால தூசி இதன்மேல் மொய்க்கும், துடைக்கத் துடைக்க நிலைமின்னேற்றம் இன்னும் இழுக்கும். கண்ணாடிபோல் வாங்கிய அழகு ஒரு மாசியில் போய்விடும். கலங்கலான கறுப்பு வாங்கியிருந்தால் பாதி துக்கம் மிச்சம்.

கடைக்காரர் "இது மலிவு" என்று வெள்ளை ஃபோம் போர்டை எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பெரும்பாலும் பிவிசி, லேசரில் வெட்டினால் குளோரின் கலந்த நச்சுப்புகை வரும். நல்ல கடைக்காரர் அவரே மறுத்துவிடுவார்.

## 3டி பிரிண்ட்

மாணவர்கள் முதலில் இதைத்தான் நினைக்கிறார்கள். மெஷின் கல்லூரியில் இருக்கிறது, காசு குறைவு, வளைவும் நெளிவும் இஷ்டப்படி. வேறு எதிலும் செய்ய முடியாத உருவங்கள் இதில் சாத்தியம். கேபிளுக்கு ஒரு பள்ளம், எஸ்எஸ்டிக்கு ஒரு கொக்கி எல்லாம் சுவரோடு சுவராக வரும்.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன 9 லிட்டர் பெட்டியின் ஆறு பக்கத்தின் பரப்பு 2,700 சதுர செமீ. 3 மிமீ கனம் என்றால் 810 கன செமீ பொருள். பிரிண்டுக்கு வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏவில் அது ஏறக்குறைய 1 கிலோ, அதாவது ஒரு முழு ஸ்பூல். வெளியே கொடுத்தால் கிராமுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பல வீட்டு பிரிண்டர்களின் மேடை 220 × 220 மிமீ. 300 மிமீ நீளம் அதில் ஏறாது. இரண்டாகப் பிரித்து ஒட்ட வேண்டும், ஒட்டிய கோடு வெளியே தெரியும்.

பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை மதியம், கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்துச் சுவர், ஜன்னல் வெயில். இவை சேர்ந்தால் அந்த எல்லை தூரமில்லை, பளுவைத் தாங்கும் பகுதி அதற்கு முன்பே மெல்லத் தொய்யும். பிஇடிஜி என்ற வேறு பிளாஸ்டிக் என்றால் 80 டிகிரி வரை நிம்மதி. ஏஎஸ்ஏ என்ற இன்னொன்று 100 வரை தாங்கும், ஆனால் மூடிய பிரிண்டர் இல்லாமல் மூலைகள் தூக்கிக்கொள்ளும். என் சிபாரிசு பிஇடிஜி. மழைக்காலத்தில் ஸ்பூல் ஈரத்தை உறிஞ்சி நூல் நூலாக இழுக்கும், அரிசி டப்பா மாதிரி மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, மாதாந்திர மின்தடை நாள். ஒரு பெரிய துண்டு இருபது முப்பது மணி நேரம் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் மெஷின் தொடர்ந்தாலும் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், சமயத்தில் துண்டு மேடையை விட்டே கழன்றுவிடும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு பிரிண்டை ஆரம்பியுங்கள். எம்3 பித்தளை இன்சர்ட்டை சோல்டரிங் அயர்னால் சுட்டு இறக்குவது சுலபம், பிளாஸ்டிக்கிலேயே மரை போடும் வேலை வேண்டாம்.

தப்பின் விலை? சொந்த மெஷின் இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம், நேரம் மட்டும்தான். வெளியே கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக்கூடப் போகலாம். ஒரே பொருள், ஆளைப் பொறுத்து இரண்டு விடை.

## தகடு

சுவரின் கனம் 1 மிமீ. கீழே விழுந்தால் மடங்கும், உடையாது. ஐஓ ஷீல்டு டக்கென்று உட்காரும். கணினிப் பெட்டி என்றாலே தகடுதான் என்று உலகம் முடிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு நமக்கு இரண்டு வழி.

ஒன்று, திருச்சி. பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி பக்கம் வரிசையாக இருக்கின்றன. ஃபைபர் லேசரில் வெட்டி, சிஎன்சி பிரஸ் பிரேக்கில் மடித்துத் தருவார்கள். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு பீஸ் என்றால் முகம் சுளிப்பார்கள், குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று சொல்வார்கள். மடிப்பைக் கணக்கிட்ட விரிப்பு வரைபடம் நீங்களே கொடுக்க வேண்டும். மடித்தால் தகடு நீளும் என்பதை மறந்து வரைந்தால் இரண்டு மடிப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் எங்கோ போய் நிற்கும். மடிப்புக்கு ஒட்டி ஓட்டை வைத்தால் அது முட்டை வடிவமாக இழுபடும், தகட்டின் கனத்தைப்போல் இரண்டரை மூன்று மடங்காவது தள்ளி வையுங்கள். தப்பின் விலை: மறுபடி குறைந்தபட்சக் கட்டணம், மறுபடி பஸ்.

இரண்டு, பீரோ பட்டறை. இதை யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்! கல்யாணச் சீருக்குப் பீரோ செய்யும் பட்டறை டெல்டாவின் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களிடம் தகடு வெட்டும் மெஷின் உண்டு, மடிக்கும் மெஷின் உண்டு, பெயின்ட் அடிக்கும் இடம் உண்டு. 20 கேஜ், 18 கேஜ் தகடு கத்தரித்த துண்டாகக் கீழே கிடக்கும். நான் போய் நின்றபோது அண்ணன் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன தம்பி, உண்டியலா?"

"கம்ப்யூட்டர் பெட்டிண்ணே."

"இத்தனூண்டா? லாக்கரே இதைவிடப் பெருசு."

முகூர்த்த மாதத்தில் போகாதீர்கள், ஆடியிலோ மார்கழியிலோ போனால் உட்காரவைத்துப் பேசுவார். ஆறு பக்கத்தையும் அரை நாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். முடியாதது ஓட்டைகள். 600 ஓட்டையை டிரில்லில் போடச் சொல்வது பாவம். ஒரு பெரிய ஜன்னலாக வெட்டச் சொல்லிவிட்டு, ரேடியோ செட் சாமான் விற்கும் கடையில் ஸ்பீக்கருக்குப் போடும் ஜாலித் தகடு வாங்கி உள்பக்கம் ரிவெட் அடித்துவிடுங்கள். காற்றும் நன்றாக வரும், பார்க்கவும் லட்சணம்.

இரண்டுக்கும் பொதுவான மறைந்த செலவுகள். பவுடர் கோட்டிங் ஒவ்வொரு பரப்பிலும் 60 முதல் 100 மைக்ரான் ஏற்றும், மரையெல்லாம் அடைபடும், மரை வெட்டும் டேப்பை மறுபடி ஓட்ட வேண்டும். பவர் சப்ளை ஸ்க்ரூ படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் பெட்டிக்கு எர்த் போகாது. பழைய வீட்டில் மூன்றாம் ஊசிக்கு எர்த் ஒயரே இல்லாமல் இருக்கும். அங்கே தகட்டுப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று லேசாகக் கூசும். அது பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசிவது. பெட்டியைக் குறை சொல்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வைஃபை ஆன்டெனா வெளியேதான் நிற்க வேண்டும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் இரும்பை விட்டுவிட்டு 1.5 மிமீ அலுமினியம் பாருங்கள். 9 லிட்டர் பெட்டி இரும்பில் 2.1 கிலோ, அலுமினியத்தில் 1.1 கிலோதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேபினெட்டுகளைத் திறந்தபோது, பெயின்ட் நன்றாக இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, வெட்டிய விளிம்புகள் மட்டும் சிவந்து உதிர்ந்தன. விளிம்புதான் துருவுக்கு வாசல்.

## பழைய கேபினெட்டை அறுத்தல்

என் நான்காவது பெட்டி இது. என்னைக் கேட்டால் முதன்முதலாகச் செய்பவர் இங்கேயிருந்து தொடங்கலாம்.

பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஏடிஎக்ஸ் கேபினெட் (வழக்கமான பெரிய அளவுப் பெட்டி) கிலோ கணக்கில் கிடைக்கும். மினி ஐடிஎக்ஸின் நான்கு ஓட்டையும் ஏடிஎக்ஸ் ஓட்டைகளுக்குள் அடக்கம். ஐஓ திறப்பும் முதல் ஸ்லாட்டும் (கார்டின் பிராக்கெட் உட்காரும் பள்ளம்) அதே இடத்தில். அதாவது, நம்மால் துல்லியமாகச் செய்ய முடியாத மூன்று விஷயத்தையும் ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. போர்டு உட்காரும் தகட்டையும் பின்பக்கத்தையும் முதல் இரண்டு ஸ்லாட்டோடு சேர்த்து ஒரே எல் வடிவத் துண்டாகக் கட்டிங் மெஷினில் அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி வெளிப்பெட்டி மரத்திலோ பீரோத் தகட்டிலோ வரட்டும். அரை நூல் பிசகு இனி யாருக்கும் பிரச்சினை இல்லை.

அறுத்த விளிம்பை அரம் போட்டு ராவி, ரெட் ஆக்சைடு பூசுங்கள், இல்லையென்றால் கை கிழியும், பிறகு துருப்பிடிக்கும். இரும்புத் தூளை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்த பிறகே போர்டைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கார்டு போர்டிலேயே நேராக நிற்கும் அமைப்பு மட்டும்தான் இதில் வரும், ஆகவே ரைசர் செலவு மிச்சம், முதுகோடு முதுகு வைக்கும் மெலிந்த பெட்டி கிடையாது.

## ஒரே பார்வையில்

| | மரம் (9 மிமீ) | அக்ரிலிக் (3 மிமீ) | 3டி பிரிண்ட் (3 மிமீ) | பீரோ பட்டறை (1 மிமீ) | லேசர் தகடு (1 மிமீ) | அறுத்த கேபினெட் + வெளிப்பெட்டி |
|---|---|---|---|---|---|---|
| 9 லிட்டர் உள்ளளவுக்கு வெளியளவு | 11.6 லி | 9.8 லி | 9.8 லி | 9.3 லி | 9.3 லி | வெளிப்பெட்டியைப் பொறுத்தது |
| துல்லியம் | கையால் குறைவு, சிஎன்சியில் நன்று | மிக நன்று | நன்று | நடுத்தரம் | மிக நன்று | வேண்டிய இடத்தில் மிக நன்று |
| கட்டணம் எப்படி | நாள் கூலி | சதுர அடி, வெட்டும் நேரம் | கிராம் | பேசி முடிப்பது | குறைந்தபட்சக் கட்டணம் | கிலோ, உங்கள் உழைப்பு |
| தப்பின் விலை | நடுத்தரம் | மிகக் குறைவு | சொந்த மெஷின் என்றால் குறைவு | குறைவு | அதிகம் | குறைவு |
| படுத்தும் மாதம் | ஐப்பசி, கார்த்திகை | மாசி | சித்திரை | கடற்கரையில் எப்போதும் | கடற்கரையில் எப்போதும் | விளிம்பு பூசாவிட்டால் மழைக்காலம் |

ஏசிபி ஷீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். கடை முகப்புக்கு அடிக்கும் அந்தத் தகட்டின் நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது, பெரும்பாலும் எரியக்கூடியது. மடிக்க அழகாக மடியும், பவர் சப்ளைக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

## யாருக்கு எது

விடுதி மாணவருக்கு பிரிண்ட்தான், கல்லூரியில் மெஷின் சும்மா கிடக்கிறது. பிஇடிஜியில் செய்யச் சொன்னேன், 220 மேடைக்குள் அடங்கும்படி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வடிவமைக்கச் சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அவருக்கு கார்டும் வேண்டுமாம், வயசு அப்படி. அப்படியானால் கடையில் ரெடிமேட் வாங்கச் சொல்லிவிட்டேன்.

மருந்துக்கடை அக்காவுக்கு பில் போடும் கணினிதான், சூடு கிடையாது, ஆனால் கடல் ஒரு கிலோமீட்டரில். அக்ரிலிக் போதும். கவுன்ட்டருக்கு அடியில் இருப்பதால் தூசி கண்ணில் படாது, கறுப்பு வாங்கச் சொன்னேன். பட்டன் எந்தப் பக்கம் என்று முதலில் அட்டைப்பெட்டியில் செய்து ஒரு வாரம் பழகிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மருந்து வரும் அட்டைப்பெட்டிதான் கடை நிறைய இருக்கிறதே.

ஆல்பம் டிசைனருக்கு இரண்டு ஸ்லாட் கார்டு, இரவெல்லாம் ரெண்டர், சீசனில் கணினி நிற்கக்கூடாது. அவருக்கு மட்டும் நான் தயங்கவில்லை. கேபினெட்டை அறுத்து உள்கூடு, பீரோ பட்டறையில் வெளித்தகடு, மேலே ஸ்பீக்கர் ஜாலி, அடியில் கழற்றிக் கழுவும்படி நைலான் வலை. மரத்தில் வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்பக்கத்துக்கு மட்டும் தேக்கில் ஒரு பட்டை ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஒப்புக்கொள்ளவைத்தேன். கேபினெட் கிடைத்துவிட்டது, போன ஞாயிற்றுக்கிழமை அறுத்தாயிற்று. பட்டறை அண்ணன் கையில் நாலு சீர் பீரோ இருக்கிறதாம், பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.